ஹூக் அடிக்கும் கையும் கொழுந்து போடும் கையும்

ஹூக் அடிக்கும்போது உள்ளங்கை தரையைப் பார்க்க வேண்டுமா, நம்மைப் பார்க்க வேண்டுமா?

எங்கள் பதுளைப் பயிற்சி நிலையத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பிள்ளைகள் இந்தக் கேள்வியையும் கூடவே கொண்டுவந்தார்கள். புதிதாக வந்திருக்கும் இரண்டு பயிற்றுநர்களில் ஒருவர் தரை என்கிறாராம், மற்றவர் நம்மை என்கிறாராம். நிலையத்துக்கு இப்போது கெமரா வந்திருக்கிறது. இருவரும் படத்தை மெதுவாக ஓடவிட்டு ஆளுக்கொரு வீரரைச் சாட்சிக்கு அழைக்கிறார்களாம். பிள்ளைகள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

"பன்னெண்டு வருஷம் பேட் புடிச்சீங்களே கலாக்கா, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றான் ஒருவன்.

தெரியும். ஆனால் ஒரு வரியில் சொன்னால் நானும் மூன்றாவது பயிற்றுநர் ஆகிவிடுவேன். ஆகவே, தெரிந்துகொண்ட விதத்தையே எழுதுகிறேன்.

குத்துச்சண்டை பழக்கமில்லாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். நேராகப் போகாமல், முழங்கையை மடித்தபடியே பக்கவாட்டில் வளைந்து வந்து எதிராளியின் தாடையில் இறங்கும் குத்துக்கு ஹூக் என்று பெயர். அதை வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, தவறாக அடிக்கிறவருக்கும் அது ஆபத்தானது. பேட் பிடிப்பது என்றால், தட்டையான தோல் மெத்தையை இரண்டு உள்ளங்கைகளிலும் மாட்டிக்கொண்டு, அடிக்கிறவர் முன்னால் நின்று குத்துகளை வாங்குவது. அதுதான் என் தொழில். ஒரு நாளைக்கு எத்தனை குத்து என்று எண்ணியதில்லை. மணிக்கட்டும் முழங்கையும் எண்ணி வைத்திருக்கின்றன. சென்ற வருடம் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய டொக்டர், "இனி கரண்டி மட்டும் பிடியுங்கோ, தங்கச்சி" என்றார். முப்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றேன் என்றால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சிரித்துவிடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சி முடித்திருந்தேன். ஒரு பல்சக்கரத்தை மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து என்று மூன்று பார்வையில் வரையத் தெரியும். வேலைதான் கிடைக்கவில்லை. தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் பதிவேடு எழுத ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். எட்டு மாதம் எடை, உயரம், வரவு எழுதினேன். பிறகு ஒரு மாலை, பேட் பிடிக்கிறவர் காய்ச்சல் என்று வரவில்லை. பொறுப்பாளர் மேசைக்கு வந்து பேட்டுகளை என் பதிவேட்டின் மேல் வைத்தார்.

வரிசையில் நின்ற ஆண்பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. "பாத்துக் குத்துங்கடா, அக்கா வளையல் ஒடஞ்சா சம்பளத்துல வெட்டுவாங்க" என்றான் ஒருவன். வளையல்களைக் கழற்றிப் பென்சில் டப்பாவுக்குள் போட்டேன். அதற்குப் பிறகு அவற்றைக் கல்யாண வீடுகளுக்கு மட்டும்தான் எடுத்தேன்.

அந்தப் பொறுப்பாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விமலதாச மாஸ்டர் அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் ஒரு சிவப்புப் பென்சில், ஆறு அங்குல அடிமட்டம். சத்தம் போட மாட்டார். யாருடைய கையையும் தொட்டுத் திருத்தவும் மாட்டார். தமிழை எங்கள் பிள்ளைகளிடமிருந்தே பொறுக்கி எடுத்திருந்தார். நல்ல குத்துக்கும் "இன்னொண்ணு" என்பார், கெட்ட குத்துக்கும் "இன்னொண்ணு" என்பார். அவர் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. சோக்குத்தான் காட்டிக்கொடுக்கும்.

சோக்கு வைத்துப் பார்ப்பது அவருடைய முறை. ஒரு பீங்கான் தட்டில், கரும்பலகையில் எழுதும் சோக்குக்கட்டியின் தூளைப் பரப்பி வைப்பார். அடிக்கிறவர் கையுறையின் முன்பக்கத்தை அதில் ஒற்றி எடுத்து, என் கறுப்புப் பேட்டில் ஒரே ஒரு ஹூக் அடிக்க வேண்டும். கையுறையின் எந்தப் பகுதி பட்டதோ அதன் அச்சு வெள்ளையாக விழும். மாஸ்டர் குனிந்து பார்ப்பார். நான் சதுரக் கோட்டுக் கொப்பியில் அதை அளவோடு வரைந்து, பெயரும் திகதியும் போடுவேன். ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்தது. ஆளுக்கு மூன்று அச்சு.

பழகப் பழக அச்சைப் படிக்க வந்தது. விரல் முட்டிகள் இருக்கும் இடம் முழுவதும் ஒரே அழுத்தத்தில் பதிந்திருந்தால் நல்ல குத்து. பெருவிரல் பக்கம் இழுபட்ட கோடாக விழுந்தால் கை பிந்தி வந்திருக்கிறது. கீழ் விளிம்பில் மட்டும் பதிந்தால் மணிக்கட்டு மடிந்திருக்கிறது, சுண்டுவிரல் எலும்பு அபாயத்தில் இருக்கிறது. விரல்களின் உட்பக்கம் பட்டு அகலமாகக் கலைந்திருந்தால் அது குத்தே அல்ல. திறந்த கையால் விழுந்த அறை. போட்டியில் அதற்கு நடுவர் எச்சரிக்கை கொடுப்பார். எச்சரிக்கை கூடினால் தோல்வி.

தொடர்ந்து மூன்று மாலை கெட்ட அச்சு விழுந்தால், போட்டிப் பட்டியலில் அந்தப் பெயரை மாஸ்டர் வெட்டிவிடுவார். கையால் கிறுக்கமாட்டார், அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு போடுவார். அழுதாலும் கோடு கோணாது. "இந்தக் கையோட ரிங்குக்கு அனுப்புறது பாவம் மிஸ்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

முதல் இரண்டு வருடத்தில் நடந்த ஒன்றை இங்கே எழுதாமல் விட முடியாது. லுணுகலைப் பக்கத்திலிருந்து ஆரோக்கியம் என்று ஒருவர் வந்தார். கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கத்தியால் வெட்டிவிடும் வேலை அது. முன்கை இரண்டும் மரக்கட்டை போல இருக்கும். அவருடைய ஹூக் கீழிருந்து சாய்வாக மேலேறி வரும், உள்ளங்கை அவரையே பார்த்தபடி. வாங்கினால் எனக்குத் தோள்வரை அதிரும். அச்சும் நன்றாகவே இருந்தது. ஆனால் உள்ளங்கை தரையைப் பார்க்க வேண்டும் என்பது அன்று மாஸ்டரின் விதி. கைகளைச் சரிபார்க்க நான் எழுதி வைத்திருந்த பட்டியலிலும் அதுதான் முதலாவது வரி. மூன்று மாதம் நானே நின்று அவர் கையைத் திருப்ப வைத்தேன். கை திரும்பியது, மணிக்கட்டு மடிந்தது. அச்சு கீழ் விளிம்புக்கு இறங்கியதைக் கொப்பியில் வரைந்தும் இருக்கிறேன். ஒரு பயிற்சிச் சண்டையில் சுண்டுவிரல் எலும்பு முறிந்தது. காரணம் என்ற இடத்தில் "கவனக்குறைவு" என்று எழுதினேன். அவருடைய கவனக்குறைவு என்றுதான் அர்த்தம்.

அவர் திரும்ப வரவில்லை. ஒருநாள் பஸ் நிலையத்தில் கண்டபோது, முட்டி இறங்கிப்போன கையைக் காட்டி, "கத்தி புடிக்கிறதுக்கு இது போதும் மிஸ், கவலப்படாதீங்க" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார். தேறவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பெண்பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருத்தி ராஜலெட்சுமி. பசறைப் பக்கத்துத் தோட்டம், இருபது வயது, தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலை. செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் கொழுந்தை எடை நிறுத்து முடிந்ததும் நான்கரை மணி பஸ்ஸைப் பிடித்து வருவாள். ஞாயிறு காலையிலும் வருவாள். ராஜியின் இடது ஹூக்கை வாங்கிய முதல் நாளே எனக்கு ஆரோக்கியத்தின் நினைவு வந்தது. அத்தனை பலம்.

ஆனால் அச்சு கலைந்திருந்தது. விரல்களின் உட்பக்கம், அகலமாக. அறை.

அந்த வருடம் கொழும்பில் ஒரு நிறுவனம் பெண்கள் அணி தொடங்கியது. தெரிவுப் போட்டியில் எடுபட்டால் அங்கேயே களஞ்சியத்தில் வேலை, தங்க விடுதி. எங்களிடமிருந்து ஓர் எடைப் பிரிவுக்கு ஒருத்தியைத்தான் அனுப்பலாம். ராஜியின் பலத்தை நம்பி மாஸ்டர் அப்போதுதான் அவள் பெயரைப் பட்டியலில் எழுதியிருந்தார். போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது.

ராஜிக்கு அது வெறும் போட்டியல்ல. அவளுடைய கடவுச்சீட்டை மாமா ஏற்கெனவே வெளிநாட்டு ஏஜென்சியில் கொடுத்துவிட்டார். மருத்துவப் பரிசோதனையும் முடிந்திருந்தது. கொழும்பில் எடுபடாவிட்டால் அடுத்த மாதமே வீட்டுப் பணிப்பெண்ணாகப் பயணம். ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சொன்னாள்: "அங்க போனா ரெண்டு வருஷம் அக்கா. எந்த வீடு, என்ன மாதிரி ஆளு, ஒண்ணும் தெரியாது. இங்க தோத்தா ஒங்க மொகத்தப் பாத்தாச்சும் அழலாம். அங்க யாரப் பாத்து அழுவுறது?"

நான் பட்டியல் போட்டேன். பெருவிரல் எங்கே இருக்கிறது, மணிக்கட்டு நேரா, முழங்கை முட்டியின் உயரத்துக்கு வருகிறதா, தோள் திரும்புகிறதா, குதிகால் திரும்புகிறதா, உள்ளங்கை எந்தப் பக்கம், குத்து எங்கே முடிகிறது. ஏழு வரி. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். உள்ளங்கையில்தான் பிழை என்று முடிவு செய்து, தரையைப் பார்த்ததை அவள் பக்கம் திருப்பினேன். அடுத்த ஞாயிறு மூன்று அச்சும் சுத்தமாக விழுந்தன. கொப்பியில் "தீர்ந்தது" என்று எழுதிக் கீழே கோடும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை மூன்றும் அறை.

கையுறைக்குள் கையில் சுற்றும் பேண்டேஜை இறுக்கிச் சுற்றினேன். விரல் மரத்துப்போனதுதான் மிச்சம். வியாழன், கெட்ட அச்சு. பெருவிரல் அடி வீங்கத் தொடங்கியது. திறந்த கையோடு அடித்தால் பெருவிரல்தான் முதலில் போய் மோதும். சனி, கெட்ட அச்சு. மூன்று மாலை முடிந்தது.

மாஸ்டர் பட்டியலை எடுத்தார். அடிமட்டத்தை எடுத்தார். ராஜி கைகளை நீட்டியபடி நின்றாள். முன்கையில் தேயிலைக் கிளை கிழித்த கோடுகள், வீங்கிய பெருவிரல். நான் அவரிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை.

"ஒரு கெழம தாங்க மாஸ்டர்" என்றேன்.

"எதுக்கு மிஸ்?"

"காரணம் எழுத."

சிவப்புப் பென்சில் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. ஆரோக்கியத்தின் பக்கத்தில் நான் என்ன எழுதினேன் என்று அவருக்கும் தெரியும். "ஏழு நாள் சரி" என்றார். "எட்டாவது நாள் வெட்டுறது. அப்ப நீங்க கேக்கக் கூடாது, நான் குடுக்கக் கூடாது."

வீட்டுக்குப் போய்க் கொப்பியைத் திறந்தேன். ராஜி வந்த நாளிலிருந்து எல்லா அச்சும் திகதி வரிசையில் இருந்தன. பிழையின் வகைப்படி ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன், பயனில்லை. கையுறைப்படி போட்டேன், பயனில்லை. கடைசியாகக் கிழமைப்படி பிரித்தேன். செவ்வாய்க்கு ஒரு நிரல், வியாழனுக்கு ஒன்று, சனிக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று. ஞாயிறு நிரல் முழுவதும் சுத்தம். நான் உள்ளங்கையைத் திருப்புவதற்கு முன்பும் சுத்தம், பின்பும் சுத்தம். மற்ற மூன்று நிரலிலும் அறைகள். வியாழனில் ஒரே ஒரு நல்ல நாள் இருந்தது. நாட்காட்டியைப் பார்த்தேன். அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை.

கொழுந்து பறிக்காத நாளில் அவள் கை ஒழுங்காக இருந்தது. பறித்த நாளில் கெட்டது. களைப்பு என்று எழுதப் பென்சிலை எடுத்தேன். ஆனால் வலது கையும் அதே அளவுதானே பறிக்கிறது? வலது கையில் ஒரு கெட்ட அச்சுகூட இல்லை. எழுதாமல் பென்சிலை வைத்தேன்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து பெண்கள் மலையேறிவிட்டிருந்தார்கள். பாதையில் வேலையை மேற்பார்க்கும் கங்காணி மறித்தார். ராஜியின் வேலையைப் பார்க்க வேண்டும் என்றேன். "கொழுந்து பறிக்கிறத பாக்கவா? எல்லப் பக்கம் சுத்திப் பாக்கப் போற வெள்ளக்காரங்கதான் அத பாக்க நிப்பாங்க. நீங்க பதுளைலருந்து வந்தீங்களா?" என்று என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு தானே வழிகாட்டினார்.

தேயிலை நிரையில் நின்றவர்கள் என்னைக் கண்டதும் தொடங்கிவிட்டார்கள்.

"ராஜி, ஒன் கைய பாக்க வந்துட்டாங்கடி. ரேகை பாக்குற டீச்சர் போல."

"ரேகை எங்க இருக்கு? கறைதான் இருக்கு."

"மாப்பிள்ளை வருவானான்னு கேட்டுச் சொல்லுங்க டீச்சர். வந்தா குத்து வாங்காம இருப்பானான்னும் கேளுங்க."

ராஜி தலை நிமிராமல், "ஒங்க வாய்க்கு ஒண்ணு குடுக்குறேன் சித்தி, அந்தியாகட்டும்" என்றாள். கைகள் நிற்கவில்லை.

நான் ஒரு கல்லில் உட்கார்ந்து அந்தக் கைகளைப் பார்த்தேன். இடது கையும் வலது கையும் தனித்தனியே கிள்ளிக் கிள்ளி உள்ளங்கையில் சேர்த்தன. கை நிறைந்ததும் தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்கும் கூடைக்குள் போட வேண்டும். மற்றப் பெண்கள் இடதை இடது தோளாலும் வலதை வலது தோளாலும் போட்டார்கள். ராஜியின் கூடை வலது பக்கம் சாய்ந்திருந்தது. அவள் இரண்டு கைகளையும் வலது தோளுக்கு மேலால்தான் வீசினாள். வலது கை குறுக்கே போகவில்லை, நேராக மேலேறி தோளைத் தாண்டியது. இடது கை முழங்கை மடிந்து, உயர்ந்து, முகத்துக்கு முன்னால் வளைந்து, வலது தோளுக்கு வந்து, அங்கே விரல்கள் விரிந்தன. கொழுந்து கூடைக்குள் விழுந்தது.

எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது. நின்றேன். அது இடது ஹூக். முழங்கையின் உயரம் சரி, வளைவு சரி, தோள் திரும்புவது சரி. கடைசி அரைச்சாணில் கை திறக்கிறது. காலை ஏழரையிலிருந்து நான்கு மணிவரை, ஆயிரம் தடவையோ என்னவோ, அவள் ஹூக் அடித்துக் கையைத் திறந்துகொண்டிருந்தாள். பிறகு பஸ் ஏறி வந்து என்னிடமும் அதையே செய்தாள். அவளுடைய கைக்கு அது பிழையல்ல. அந்தக் கை ஒரு வேலையைச் சரியாக முடித்துக்கொண்டிருந்தது.

"ராஜி, கொழுந்த ஏன் அந்தத் தோளாலயே போடுற?"

"சின்னதுல எடது தோளு எறங்கிப் போச்சுக்கா, மரத்துலருந்து விழுந்து. கூடை அந்தப் பக்கம் நிக்காது. ஏன், தப்பா?"

"தப்பில்ல" என்றேன். "பறிக்கிறதுக்கு."

வேலையை நிறுத்தச் சொல்ல முடியாது, தோளை மாற்றச் சொல்லவும் நேரமில்லை. ஆகவே வரும்போது கங்காணியிடம் கேட்டு ஒரு பை கொழுந்து வாங்கிவந்தேன். செவ்வாய் மாலை அவளுக்குப் பேண்டேஜ் சுற்றி, கையுறை மாட்டுவதற்கு முன் இடது உள்ளங்கையில் ஒரு பிடி கொழுந்தை வைத்து மூடினேன்.

"இதப் போடக் கூடாது. அடி, திருப்பி எடு. கழட்டும்போது எனக்கு இது வேணும்."

"போடாட்டி அரைப்பேருதானே விழும் அக்கா" என்று சிரித்தாள். சொன்ன அளவுக்குக் கொழுந்து நிறுக்காவிட்டால் அன்றைய நாளை அரை நாளாகத்தான் தோட்டத்தில் பதிவார்கள். அதைத்தான் சொன்னாள்.

"பரவால்ல. இங்க நான்தான் கங்காணி."

முதல் குத்துக்குப் பிறகு கையுறையைக் கழற்றினால் கொழுந்து விரல்பகுதிக்குள் சிதறிக் கிடந்தது. அச்சு அறை. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. தன் கை திறப்பதை அதுவரை அவள் நம்பியிருக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது, அதே கதை. மெதுவாக அடிக்கச் சொன்னேன். பத்தாவதோ பதினோராவதோ, பாதிக் கொழுந்து உள்ளங்கையிலேயே இருந்தது.

உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவளிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த வரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். வியாழனன்று கையுறையைக் கழற்றியபோது கொழுந்து கசங்கி ஒரே உருண்டையாக வந்தது. தொழிற்சாலையில் உருட்டிய இலையின் வாசம் அந்த அறை முழுவதும் நின்றது. பேண்டேஜ் பச்சையாகியிருந்தது. அச்சு முட்டிகளில், முழுவதுமாக.

சனிக்கிழமை ஏழாவது நாள். மாஸ்டர் தட்டில் சோக்கைப் பரப்பினார். கொழுந்து இல்லாமல் மூன்று அச்சு. மூன்றும் சுத்தம். "இன்னொண்ணு" என்றார். அதுவும் சுத்தம். பிறகு பையைக் காட்டச் சொல்லி, தானே ஒரு பிடி கொழுந்தை எடுத்து இடது கையில் மூடி, காற்றில் மெதுவாக ஒரு ஹூக் அடித்துப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, கையில் கொழுந்து. பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"மிஸ், ஆரோக்கியத்தோட பக்கம் எடுங்க" என்றார்.

பழைய கொப்பியைத் தேடி எடுத்தேன். அவர் உட்கார்ந்து அச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இவர் கத்திக்காரர் இல்லையா, கத்தியும் கீழேருந்துதானே மேல வரும்" என்றார். நான் தலையாட்டினேன். அடிமட்டத்தை வைத்து "கவனக்குறைவு" என்ற சொல்லின் மேல் சிவப்புக் கோடு போட்டார். கோணாமல். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களின் படிவத்தில் எடை, உயரத்துக்கு முன்னால் ஒரு வரி சேர்த்தேன்: என்ன வேலை, எந்தக் கையால், எப்படி. வெலிமடையில் லீக்ஸ் மரக்கறி கழுவுகிறவருக்கு மணிக்கட்டு உள்ளே மடியும். மூட்டை தூக்குகிறவர் தோளைப் பூட்டிக்கொள்வார். அதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் ஒரு மாத வேலை ஒரு வாரத்தில் முடிகிறது.

இப்போது பிள்ளைகளின் கேள்வி. எதிராளி கிட்ட நின்றால் உள்ளங்கை உங்களைப் பார்க்கும். எட்ட நின்றால் தானாகத் தரைப் பக்கம் சாயும். இரண்டு பயிற்றுநர்களும் சொல்வது சரி, வேறு வேறு தூரத்துக்கு. ராஜி கையைத் திறக்காமல் அடிக்கத் தொடங்கிய பிறகு இதை அவளுடைய அச்சுகளிலேயே கண்டேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் கை தூரத்துக்கு ஏற்பத் திரும்பியது. மாறக்கூடாதவை வேறு. முன்கையும் மணிக்கட்டும் முட்டியும் ஒரே கோடு. முழங்கை முட்டியின் உயரத்தில். பெருவிரல் மடிந்து விரல்களுக்கு வெளியே. அடித்து முடியும் கணத்தில் முட்டி இறுகியிருக்க வேண்டும், அது திரும்பிக் கன்னத்துக்கு வரும்வரை திறக்கக் கூடாது. கெமராவில் பார்ப்பதானால் இவற்றைப் பாருங்கள்.

தெரிவுப் போட்டிக்குக் காலை ரயிலில் போனோம். ராஜி ஜன்னலோரம் இருந்து கண்ணில் பட்ட தோட்டத்தையெல்லாம் குறை சொல்லிக்கொண்டு வந்தாள். புல் ஏறிவிட்டது, கவ்வாத்துப் பிந்திவிட்டது என்று. ஹட்டன் தாண்டியதும் பேச்சு நின்றது. மறுநாள் எதிரே நின்றவள் உயரமானவள், கொழும்பில் பழகியவள்.

முதல் சுற்றில் ராஜி பயந்துவிட்டாள். பயத்தில் கை பழைய வேலைக்குப் போனது. இடது ஹூக் அறையாக விழுந்தது. நடுவர் நிறுத்தி, உள்ளங்கையை விரித்துக் காட்டி, எச்சரிக்கை கொடுத்தார். நாற்காலியில் வந்து உட்கார்ந்தவளின் கண் என்னைப் பார்க்கவில்லை. மண்டபத்தின் கதவைப் பார்த்தது. என் கையில் ஏழு வரிப் பட்டியல் இருந்தது. அதைப் பையில் வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன்.

"கொழுந்து கைல இருக்கா?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள்.

"இப்ப இருக்கு. நிறுக்கிற எடத்துக்கு வந்து நான் சொல்லும்போது போட்டா போதும். அது வரைக்கும் போடாத."

மணி அடித்தது. இரண்டாவது சுற்றில் அவள் கையுறையைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. சோக்கு இல்லாமலே எனக்கு அச்சு தெரிந்தது. முட்டிகள். மூன்றாவது சுற்றின் நடுவில் இடது ஹூக் உயரக்காரியின் தாடையில் இறங்கியது. அந்தச் சத்தம் என் உள்ளங்கைகளுக்குத் தெரிந்த சத்தம். நடுவர் எண்ணத் தொடங்கினார். உயரக்காரி எழுந்துவிட்டாள், சண்டை கடைசிவரை போனது. ஆனால் முடிவு அந்த இடத்திலேயே திரும்பிவிட்டது. நீதிபதிகளின் புள்ளி ராஜிக்கு வந்தது, நடுவர் அவள் கையைத் தூக்கினார். பின்னேரம் ஒட்டிய பெயர்ப்பட்டியலிலும் அவள் பெயர் இருந்தது. இன்று அந்த நிறுவனத்தின் களஞ்சியத்தில் பொறுப்பாளர் அவள். அணியின் புதுப் பெண்களுக்குப் பேட் பிடிப்பதும் அவள்தான். கடவுச்சீட்டை மாமா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதில் நான் பத்திரமாக வைத்திருப்பது, முடிவுக்கும் பெயர்ப்பட்டியலுக்கும் இடையில் நடந்தது. மண்டபத்தின் மூலையில் அவளை உட்கார வைத்துக் கையுறைகளைக் கழற்றினேன். வலது கை விரிந்துவிட்டது. இடது கை மூடியே இருந்தது. பேண்டேஜை வெட்டி எடுத்தேன். அப்போதும் மூடியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். நான் இன்னும் சொல்லவில்லையாம்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"சரி, இப்பப் போடு" என்றேன்.

அவள் கையை என் உள்ளங்கைக்கு மேலே கொண்டுவந்து விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். உள்ளே ஒன்றும் இல்லை, வியர்வையும் நகம் பதிந்த நான்கு குறியும்தான். இருவரும் குனிந்து அதைப் பார்த்தோம்.

"ஒண்ணுகூட விழல அக்கா" என்றாள்.